வலி வரும் முன் ஐந்து நிமிடம்

காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிராக முண்டியடித்துக்கொண்டு போகும். முதுகில் லேப்டாப் பையோடு கிழக்குப் பக்கம் இறங்குகிறவர்கள், கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கோ நாவலூருக்கோ பஸ் பிடிப்பவர்கள். மேற்கே இறங்குகிறவர்களில் சீருடைப் புடவையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிறையப் பேர்; ஜி.எஸ்.டி. சாலையிலும் சண்முகம் சாலையிலும் உள்ள ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் வேலை. முதல் கூட்டம் இரவு வரை உட்காரப் போகிறது. இரண்டாவது கூட்டம் இரவு வரை நிற்கப் போகிறது.

இடுப்பு வலி இரண்டு பக்கமும் உண்டு. "உட்கார்ந்தே கெடக்குறோம்ல, அதான்" என்கிறது ஒரு பக்கம். "நின்னு நின்னு கால் மரத்துப் போவுது, இடுப்பு விட்டுப் போவுது" என்கிறது மறு பக்கம். இருவர் சொல்வதும் பாதி உண்மை. உட்காருவதும் நிற்பதும் தனித்தனியாக உடம்புக்குப் பெரிய பகை இல்லை. நினைத்த நேரத்தில் நிலையை மாற்ற முடியாமல் போவதுதான் தசையைப் படுத்துகிறது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் கிட்டத்தட்ட இதைப் பற்றித்தான்.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கி வைக்கும் கோளாறுகளின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். சர்க்கரை நோய்க்குக்கூட அந்த இடம் இல்லை. ஆனால் முடக்கம் என்றதும் படுத்த படுக்கை என்று நினைத்துவிட வேண்டாம். தலைவலி, முதுகு வலி, மூட்டு வலி போன்றவற்றால் அமெரிக்கத் தொழிலாளர்கள் இழக்கும் வேலை நேரத்தைக் கணக்கிட்டு 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்டுக்கு 6,120 கோடி டாலர் நஷ்டம். அதில் விடுப்பு எடுத்ததால் வந்தது கால் பங்குக்கும் குறைவு. மீதி 76.6 சதவீதம், வேலைக்கு வந்து, இருக்கையில் அமர்ந்து, பாதி வேலை பார்த்ததால் வந்தது. வருகைப் பதிவேட்டில் அன்று 'பிரசன்ட்' என்றுதான் இருக்கும்.

ஆக, வலியோடு வேலை பார்ப்பவரின் பிரச்சினை வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதோடு முடிவதில்லை. போன பிறகு அந்த எட்டு மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் அது தொடங்குகிறது.

மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் கையில் ஒரு ஸ்கேன் கவர் இருக்கும். அதில் 'எல்4-எல்5' என்று எழுதியிருக்கும். குடும்பத்தில் அதன் மொழிபெயர்ப்பு 'ஜவ்வு விலகிருச்சு'. அன்றிலிருந்து குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது.

அந்தக் கவரில் இருப்பதை எவ்வளவு நம்பலாம்? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டில், அதாவது ஜவ்வில், தேய்மானம். ஐம்பது வயதில் அது 80 சதவீதம். வட்டு புடைத்திருந்தவர்கள் 60 சதவீதம். அவர்களில் யாருக்கும் வலி இல்லை. தலை நரைப்பதைப் போல முதுகுத்தண்டிலும் வயது எழுதிவிட்டுப் போகிறது, அவ்வளவே. பிதுங்கிய வட்டுகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் தானாகவே சுருங்கியும் விடுகின்றன. ஆகவே 'நழுவின ஜவ்வைத் தட்டி உள்ளே தள்ளிட்டேன்' என்று யாராவது சொன்னால், அவர் கைக்கு உரியதைவிட அதிகப் பெருமையைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் வலி பொய்யா? இல்லை. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் வரையறை இதை விளக்கக் குறிப்பிலேயே சொல்கிறது: ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும். எங்கே கோளாறு என்பதுதான் மாறுகிறது. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற நரம்பியலாளர், காயத்துக்குப் பிறகு முதுகுத்தண்டில் உள்ள நரம்புச் செல்களே கூர்மை ஏறி, சாதாரணத் தொடுதலுக்கும் வலிச் செய்தி அனுப்பத் தொடங்குவதைக் காட்டினார். ஒருமுறை திருடன் வந்து போன வீட்டு நாய், அடுத்த நாள் பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறதே, அதே கதைதான். காயம் ஆறியிருக்கும். நரம்பு இன்னும் காவலில் இருக்கும். தூக்கமின்மை, வேலை போய்விடுமோ என்ற பயம், அசைந்தால் இன்னும் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை எல்லாம் அந்தக் காவலைக் கூட்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடைகளின் உட்பகுதி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் அது இந்தக் கட்டுரையின் விஷயம் இல்லை, அன்றைக்கே மருத்துவமனை. முப்பது வயதுக்காரருக்குக் காலையில் அரை மணிக்கும் மேல் முதுகு விறைத்துக் கிடந்து, நடமாடினால் தேவலை என்றால், மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் ஆலோசனை 'ரெண்டு நாள் படு' என்பதுதான். இதை ஃபின்லாந்தில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். ஹெல்சிங்கி நகராட்சியின் 186 ஊழியர்கள், எல்லாருக்கும் திடீர் முதுகு வலி. ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை. ஒரு பிரிவுக்கு முதுகை வளைக்கும் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு 'முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்' என்ற ஒரே சொல். 1995இல் முடிவு வந்தது. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். படுத்தவர்கள்தான் மிகத் தாமதம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் சொல்வது, திட்டமிட்ட உடற்பயிற்சி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மசாஜ் போன்றவற்றுக்குப் பச்சைக்கொடி. இடுப்பு பெல்ட், முதுகை இழுத்துக் கட்டும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, மின்தூண்டல் எந்திரம் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை உள்ள பிசியோதெரபி பலகைகளில் பெருமையாக எழுதியிருப்பதில் பாதி இந்த இரண்டாவது பட்டியலில் வந்துவிடும். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தொக்கணம் செய்துகொள்ள வருகிறவர்கள் உண்டு. உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை சிறிது காலம் இதம் தருவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த இதம் இருக்கும்போதே நடக்கத் தொடங்கினால் காரியம் ஆகும்.

நடை என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 208 நாள். சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கக் காசு கேட்பாரில்லை. ஏரிக்கரை வரை போக நேரம் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

இனி வேலை நேரத்துக்கு வரலாம். நாள்பட்ட வலிக்காரர்களின் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை 'இன்னிக்கு வலி கம்மி' என்று தோன்றும். உடனே ஒரு வாரத் துணியையும் துவைத்து, பரணில் உள்ளதை இறக்கித் துடைத்து, மார்க்கெட் போய்வந்து எல்லாம் முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாது. புதன்வரை மாத்திரை. வியாழன் கொஞ்சம் தேவலை. விட்ட வேலையைப் பிடிக்க மறுபடி ஓட்டம். ஒவ்வொரு சுற்றிலும் செய்யக்கூடிய வேலையின் அளவு கொஞ்சம் குறைகிறது, 'அசைந்தால் வலிக்கும்' என்ற பாடம் கொஞ்சம் அழுத்தமாகப் பதிகிறது.

இதை உடைக்க வழி சொன்னவர் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1976இல் வெளியான அவருடைய புத்தகத்தின் சாரம் எளிமையானது. வலி வந்ததும் ஓய்வெடுத்தால், ஓய்வு வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகிறது. ஓய்வைக் கடிகாரத்தோடு கட்டிப்போடு, வலியோடு கட்டாதே என்றார் அவர்.

சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கழுத்தும் தோளும் இழுக்கத் தொடங்குகின்றன என்று ஒரு வாரம் குறித்துவைக்கிறார். ஒரு நாள் 50 நிமிடம், ஒரு நாள் 30, சராசரி 40 என்று வருகிறது. அதில் கால் பங்கைக் கழித்தால் 30. இனி அவருக்கு அளவு 30 நிமிடம். அலாரம் அடித்ததும் எழுந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஜன்னல் வரை போய் வருகிறார். வலி இல்லாத நாளிலும் 30 நிமிடத்தில் எழ வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி, எல்லாரும் கோட்டை விடுவதும் இங்கேதான். வலிக்கிற நாளிலும் 30 நிமிடம் வரை உட்கார வேண்டும். இரண்டு வாரம் சரியாகப் போனால் 33, பிறகு 36. துவைப்பது, சமைப்பது, பைக் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மேடவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டிப் பைக்கில் வருகிறவர், பள்ளத்தில் குலுங்கிய முக்கால் மணி நேரத்தையும் அன்றைய கணக்கில் எழுத வேண்டும். உட்கார்ந்திருக்கும் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுகளுக்குத்தான் அதிகமாக ஆடுகிறது, வண்டிகள் தருவதில் பெரும்பங்கு அந்த வரம்பை ஒட்டியே இருக்கிறது.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் வேலை எப்படி நடக்கும் என்று டீம் லீடர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். பதில் அமெரிக்க வருமான வரித் துறையின் படிவப் பதிவு மையத்திலிருந்து வருகிறது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் ஊழியர்களுக்கு வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 20 நிமிடம் அதிகம். 2000இல் வெளியான முடிவுப்படி கழுத்து, தோள், கை வலியும் கண் எரிச்சலும் குறைந்தன. பதிவு செய்த எண்ணிக்கை குறையவே இல்லை. இழந்த 20 நிமிடத்தை மீதி நேரத்தின் வேகம் ஈடுகட்டிவிட்டது.

ஏன் ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு பலம்? சுவீடனைச் சேர்ந்த யோரான் ஹெக் 1991இல் ஒரு விளக்கம் தந்தார். லேசான வேலைக்குத் தசை முழுவதும் இயங்குவதில்லை. சில சிறிய இழைகள் முதலில் கூப்பிடப்படும். கை முழுதாகத் தளரும் வரை அவற்றுக்கு விடுதலை இல்லை. சுட்டெலியைப் பிடித்திருக்கும் தோள் பார்வைக்கு ஓய்வாகத்தான் இருக்கும், உள்ளே அதே இழைகள் மணிக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். நார்வேயில் வெயர்ஸ்டெட் குழுவினர், பொட்டலம் கட்டும் வேலையில் இருந்த பெண்களின் தோள்தசையில் மின்வாய் ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே வேகம். ஆனால் சிலருடைய தசையில் ஒரு நொடிக்கும் குறைவான சின்னச் சின்ன ஓய்வுகள் அடிக்கடி தென்பட்டன. சிலருக்கு அவை அரிது. பின்னாளில் தோள் வலி வந்தது பெரும்பாலும் இரண்டாவது வகையினருக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமேம்பாலத்தில் மேற்குப் பக்கம் இறங்கிய பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? அவருக்கு அலாரம் வைக்க போன் கிடையாது. பல கடைகளில் அதை உள்ளே நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை இறக்கி, விரித்து, வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்கியதும் மடித்து மீண்டும் ஏற்றும் வேலை. யாரும் வராத மதியம் மூன்று மணிக்கும் கவுன்டரில் சாயக் கூடாது. கேமரா இருக்கிறது, ஃப்ளோர் சூப்பர்வைசர் இருக்கிறார். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் காட்டிய உலகம் இது.

நிற்பது ஜவுளி வியாபாரத்தின் இயல்பு என்று சொல்ல முடியாது. பழைய ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் புடவை பார்த்தார்கள். கண்ணாடிக் கவுன்டர் வந்தபோது இரண்டு பக்கமும் எழுந்து நின்றார்கள். வாங்குபவர் அரை மணியில் போய்விட்டார்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்டு, உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் கொண்டுவந்த திருத்தம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கு இதே விதியை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்லியிருந்தது. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் 1984இலிருந்து தையல் மெஷின் ஓட்டுகிறவருக்குச் சட்டத்தில் இருந்த நாற்காலி, சாலைக்கு அந்தப் பக்கம் அதே துணியை விற்பவருக்கு வந்து சேர 73 ஆண்டு ஆனது.

முக்காலி வந்தாயிற்று. ஆனால் 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்பதில் வாய்ப்பை யார் தீர்மானிப்பது? ஃபோர்டைஸின் கணக்கு இங்கே வந்து முட்டிக்கொள்கிறது. நேரம் தன் கையில் இருந்தால்தான் ஓய்வைக் கடிகாரத்தோடு கட்ட முடியும். அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலை ஊழியர்கள் 3,020 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991இல் வெளியானபோது பலரை வியக்க வைத்தது. முதுகுக் காயம் என்று புகார் தந்தவர்களை முன்கூட்டிக் காட்டியவற்றில் முதுகின் பலத்தைவிட முக்கியமாக இருந்தது வேலை பிடிக்கிறதா என்ற கேள்வி. தன் வேலையைக் கிட்டத்தட்ட ரசிப்பதே இல்லை என்றவர்களிடமிருந்து புகார் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. இதை 'எல்லாம் மனசுதான்' என்று முதலாளிகள் படிப்பது வசதியான படிப்பு. வேலையின் அமைப்பே முதுகில் ஏறுகிறது என்றும் படிக்கலாம். கடைத்தளத்தில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு இரண்டாவது படிப்புதான் புரியும்.

கடைக்காரர் நினைத்தால் செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய உண்டு. புடவைப் பிரிவில் மூன்று மணி நேரம் நின்றவரைப் பில் போடும் இடத்துக்கோ மடிக்கும் மேஜைக்கோ மாற்றலாம். அதிகம் கேட்கப்படும் ரகங்களைத் தலைக்கு மேலிருந்து இடுப்பு உயரத் தட்டுக்கு இறக்கலாம். கவுன்டருக்கு அடியில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு கட்டை போதும். நான்கு பேர் உள்ள பிரிவில் மணிக்கு ஐந்து நிமிடம் ஒவ்வொருவராக உட்கார முறை வைத்தால் கவுன்டர் ஒருபோதும் காலியாகாது.

வலி முற்றினால் போவதற்கு இடம் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆனால் இ.எஸ்.ஐ. பணம், வேலைக்கே போகாத நாளுக்குத்தான். தகுதியற்றவர் என்று ஒரு சான்று, தகுதியானவர் என்று ஒரு சான்று. நாளைக்கு நான்கு மணி நேரம் வேலை பார்க்கலாம், கட்டு தூக்க வேண்டாம் என்ற நிலையில் இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவில் தாள் இல்லை. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் மருத்துவச் சான்றையே மாற்றி அமைத்தார்கள். அதில் 'வேலைக்குத் தகுதியாக இருக்கலாம்' என்ற புதிய நிலைக்குக் கீழே நான்கு கட்டங்கள்: படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், செய்யும் வேலையில் மாற்றம், பணியிட வசதிகளில் மாற்றம். மருத்துவர் டிக் போட்டு ஒரு வரி எழுதுவார். ஹெல்சிங்கி ஆய்வு சொன்னதற்கும் ஃபோர்டைஸ் சொன்னதற்கும் பொருத்தமான தாள் அது. மெப்ஸில் தைக்கிறவரும் சண்முகம் சாலையில் விற்கிறவரும் இப்போதைக்கு அதே ஏற்பாட்டை சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவர் மாறினால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.